'அன்று நான் ஊரிலேயே இல்லை': பாலியல் வன்கொடுமை வழக்குகளில் ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகிளா நீதிமன்றத்தில் புதிதாக நிற்கும் ஜூனியர்களைப் பார்க்கிறேன். கறுப்புக் கோட்டு போட்ட புதிதில் நாங்கள் செய்த அதே கூத்துதான். பிரிவு எண்கள் மட்டும் மாறியிருக்கின்றன. வழக்குக் கட்டைப் படிக்காமல் வருவது, வாய்தா மேல் வாய்தா கேட்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கெல்லாம் உங்கள் சீனியரே திட்டுவார்.

சில்லறை முரண்பாட்டைப் பெரிதாக்குவது

பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். தீர்ப்பின் உள்ளே போனவர்கள் குறைவு. தன்னைக் கடத்திய கார் ஃபியட்டா அம்பாசிடரா என்று சொல்லத் தெரியவில்லை என்பதும், பரீட்சை எழுதப்போன அந்தச் சிறுமியை விசாரணை நீதிமன்றம் நம்ப மறுத்ததற்கு ஒரு காரணம். உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. இன்றும் "துப்பட்டா என்ன கலர்?" என்று அரை மணி நேரம் குடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீதிபதி தேடுவது அதையல்ல. யார், எங்கே, என்ன செய்தார் என்ற மையம் முதல் தகவல் அறிக்கையிலும், மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலத்திலும், கூண்டிலும் ஒன்றாக நிற்கிறதா என்றுதான் பார்ப்பார். அங்கே உண்மையான முரண்பாடு இருந்தால் அதை அ.சா.1-இடம் (அரசுத் தரப்பின் முதல் சாட்சி, இங்கே பாதிக்கப்பட்டவர்) காட்டுங்கள், அவர் மறுத்தால் விசாரணை அதிகாரி மூலம் நிரூபியுங்கள். இந்த இரண்டாம் பாதியை மறந்தால் முதல் பாதி வீண்.

அரசுத் தரப்பில் நிற்பவர்களுக்கும் ஒன்று. ஒற்றைச் சாட்சி போதும் என்றால் எப்படிப்பட்ட சாட்சியும் போதும் என்று அர்த்தமில்லை. 2012-இல் ராய் சந்தீப் வழக்கில் சாட்சியம் தனித்து நம்பத்தக்க தரத்தை எட்டவில்லை என்று உச்ச நீதிமன்றம் எதிரிகளை (குற்றம் சாட்டப்பட்டவர்களை) விடுதலை செய்திருக்கிறது.

புகாரில் தாமதம்

நம்பத்தகுந்த விளக்கம் இருந்தால் இந்த வாதம் எடுபடாது.

உடலில் காயம் இல்லை

எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது. சட்டத்திலேயே இருக்கிறது.

பாதிக்கப்பட்டவரின் முந்தைய வாழ்க்கை

கேட்காதீர்கள்.

அலிபியை ('சம்பவ நேரத்தில் நான் அங்கே இல்லை' என்ற வாதத்தை) கடைசியில் செருகுவது

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதில்தான். சமீபத்தில் ஒரு வழக்கு. சம்பவம் இரவு எட்டு மணி. எதிரியின் வக்கீல் அ.சா.1-ஐக் குறுக்கு விசாரணை செய்யும்போது, "நீங்கள் இருவரும் காதலித்து, விரும்பியே சேர்ந்திருந்தீர்கள்" என்று சஜஷன் (தன் தரப்பு வாதத்தைச் சாட்சியிடம் கேள்வியாக வைப்பது) போட்டார். "என்று சொன்னால் சரியல்ல" என அவர் மறுத்தது பதிவானது. எல்லாச் சாட்சியும் முடிந்து, எதிரியிடம் கேள்வி கேட்கும் கட்டத்தில்தான் "அன்று நான் சொந்தக்காரர் கல்யாண ரிசப்ஷனில் இருந்தேன்" என்கிறார் எதிரி. அப்படியென்றால் விரும்பிச் சேர்ந்திருந்தது யார்? சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்.

எதிரி தரப்பில் மாமாவைக் கூண்டேற்றினார்கள்; ஆல்பத்தைத் தாக்கல் செய்தார்கள். போட்டோவில் நேரம் இல்லை, எடுத்தவரும் வரவில்லை. அரசு வழக்கறிஞர் அதிகம் கேட்கவில்லை.

"நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"ஏழு மணிக்கே பந்தி முடிஞ்சிருச்சு, ஐயா."

மண்டபத்துக்கும் சம்பவ இடத்துக்கும் பைக்கில் அரை மணி நேரம். தீர்ப்பில் நீதிபதி சஜஷனையும் அலிபியையும் அடுத்தடுத்த பத்தியில் எடுத்து எழுதியிருந்தார்.

சாட்சியச் சட்டத்தின் பழைய உதாரணத்தில், குற்றம் நடந்தது கல்கத்தாவில், ஆள் இருந்தது லாகூரில். புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது சென்னையும் லடாக்கும் ஆகிவிட்டது. பக்கத்து ஊர் அல்ல, கவனியுங்கள். அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்திருக்கவே வழியில்லை என்று காட்ட வேண்டும். அந்தச் சுமை எதிரியுடையது, அதுவும் கனமானது என்று 1997-இல் பினய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 டிசம்பர் 16 டெல்லி நிர்பயா வழக்கில் எதிரிகளில் ஒருவர் முதல் நாளே பீகாருக்கு ரயிலேறிவிட்டேன் என்றார். வேறு இருவர் பூங்காவில் பாட்டுக் கச்சேரியில் இருந்தோம் என்றார்கள். டிஎன்ஏ, பல்தடம் முன்னால் உறவினர் சாட்சியம் நிற்கவில்லை.

உங்கள் கட்சிக்காரர் உண்மையிலேயே வெளியூரில் இருந்தாரென்றால் முதல் சந்திப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். மனுப் போட்டுப் பாதுகாத்து, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு கொண்டு வாருங்கள். டவர் விவரம் போன் இருந்த இடத்தைத்தான் சொல்லும், ஆள் இருந்த இடத்தை அல்ல. அ.சா.1-இடமே அலிபியைக் கேட்டுவிடுங்கள், விசாரணை அதிகாரியிடமும் கேளுங்கள். அ.சா.1-க்கு எதிரியை முன்பே நன்றாகத் தெரியும் என்றால், அடையாளத்தில் தவறிவிட்டார் என்பது எடுபடாது. பொய் சொல்கிறார் என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கட்சிக்காரரிடம் கறாராகக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அலிபி உடைந்தால் வழக்கு முடிந்தது என்று நினைப்பது

இது அரசுத் தரப்பின் சோம்பேறித்தனம். எதிரி பொய் சொன்னார் என்பதால் மட்டும் குற்றம் நிரூபணமாகிவிடாது. அ.சா.1 தன் காலில் நிற்க வேண்டும். அதனால் எழுத்து வாதத்தின் முதல் பக்கத்தில் அவருடைய சாட்சியத்தை வையுங்கள். அலிபி பின்னால் வரட்டும்.