பல் மஞ்சள்: தேய்த்தே கெடுத்துக்கொள்பவர்களுக்கு

இரண்டு வேளை துலக்குங்கள், புகையிலையை விடுங்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாமல் செய்கிறவை வேறு.

எலுமிச்சையும் உப்பும்

பாட்டி வைத்தியம் என்ற பெயரில் இன்னும் நடக்கும் கொடுமை இது. பல்லின் மேல்பூச்சான எனாமலைச் சுற்றியுள்ள பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. அமிலத்தில் இளகிய எனாமலை உப்போ கரித்தூளோ உரசினால் சீவிக்கொண்டு வந்துவிடும். முதல் வாரம் பல் வெளுத்த மாதிரிதான் இருக்கும். ஏமாறுவது அங்கேதான். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் இயல்பிலேயே மஞ்சள். மேல்பூச்சு மெலிய மெலிய அந்த மஞ்சள் தூக்கலாகத் தெரியும். உடனே இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கடைசியில் முன்பல் நுனி கண்ணாடி மாதிரி ஆகி, ஈறோரம் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசும் நிலையில் வந்து, "ப்ளீச்சிங் பண்ணலாமா டாக்டர்?" என்பார்கள். எனாமல் திரும்ப வளராது. பள்ளத்தைப் பல் நிற அடைப்பான காம்போசிட் வைத்து அடைக்கலாம், அவ்வளவுதான்.

எலுமிச்சை ஜூஸ் குடித்தாலும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். பிரஷ் அரை மணி நேரம் கழித்து.

எல்லாவற்றுக்கும் ப்ளீச்சிங்

டீ, வெற்றிலைக் கறையும் காரையும் பெரும்பாலும் ஸ்கேலிங்கிலேயே, அதாவது டாக்டர் கருவியால் சுத்தம் செய்வதிலேயே, போய்விடும். வயதால் வரும் மஞ்சளுக்குத்தான் ப்ளீச்சிங் நன்றாக எடுக்கும்: அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல், இரவில், இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை. பல்மேல் மாட்டிய கேப்பும் (உறை) அடைப்பும் நிறம் மாறாது. அதனால் முன்பல் அடைப்பை மாற்றுவதாக இருந்தால் ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் பொறுங்கள். உடனே வைத்தால் காம்போசிட் சரியாக ஒட்டாது, நிறமும் பொருந்தாது.

ஒரே ஒரு பல் கறுத்தால்

முதலில் எக்ஸ்ரே. என்றோ பட்ட அடியில் உள்ளே நரம்பு செத்திருக்கலாம்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ்

டாக்டர் சொல்லாமல் இரண்டு வாரம் தாண்டாதீர்கள். பழுப்பேறும்.

ஃப்ளோரைடு தண்ணீரைக் காய்ச்சுவது

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை, பல் உருவாகும் எட்டு வயதுக்குள் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ ஆர்ஓ தண்ணீரோ கொடுங்கள், சமையலுக்கும் அதுவே.