கணிதவியலாளர் எமி நோதரை ஒரே பாடவேளையில் சொல்லித்தருவது எப்படி?

அவர் பட்ட அவமதிப்புகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் பல வருடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிள்ளைகள் "ஐயோ பாவம்" என்றார்கள். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் ஒரு மேசையும் கோலிக்குண்டும் போதும். மேசையின் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஒரே தடிமனில் புத்தகம் வையுங்கள். மேலே சாக்பீஸ் பொடியை மெல்லிசாகத் தூவி, சரிவுக்குக் குறுக்கே குண்டை உருட்டிவிடுங்கள். தடம் பள்ளத்துப் பக்கம் வளையும். "கீழ்நோக்கிய வேகம் கூடுது, சரி. குறுக்கு வேகம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உராய்வு கொஞ்சம் தின்பதைத் தவிர, அது அப்படியே இருக்கும். குறுக்கே எவ்வளவு தள்ளிப் போனாலும் மேசை ஒரே மாதிரிதானே! அதனால் அந்தத் திசையில் உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) மாறுவதில்லை. சரிவின் திசையில் இடத்துக்கு இடம் உயரம் வேறு. அங்கே உந்தமும் மாறுகிறது.

இதில் அவசரமே வேண்டாம். பாதி வேளை போனாலும் போகட்டும். சமச்சீர்மை, அதாவது ஒன்றை நகர்த்தினாலும் சுழற்றினாலும் அப்படியே இருக்கும் தன்மை, இருக்கிற இடத்தில் மாறாத அளவு ஒன்று இருக்கும் என்பதுதான் நோதர் தேற்றத்தின் உயிர். இயற்பியல் விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாக இருப்பதால் ஆற்றல் மாறாமல் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இனி வாழ்க்கை. 1882இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தார். 1907இல் முனைவர் பட்டம். அதன்பின் ஏழு வருடம் அங்கேயே சம்பளமில்லாத வேலை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் ஆற்றல் மாறா விதி என்ன ஆகிறது என்று கணிதவியலாளர் ஹில்பர்ட் குழம்பிக்கொண்டிருந்த சமயம், 1915இல், அவரும் இன்னொரு கணிதவியலாளர் கிளைனும் நோதரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் விரிவுரை நடத்தும் உரிமை கிடைக்கவில்லை. பலகையில் மேலே "பேராசிரியர் ஹில்பர்ட்", கீழே "உதவி: டாக்டர் நோதர்" என்று எழுதுங்கள். நோதர் நடத்திய வகுப்புக்கு அறிவிப்பு அப்படித்தான் வந்தது. தேற்றத்தை 1918 ஜூலையில் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் முன்வைத்ததும் கிளைன்தான். உரிமை 1919இல்தான் வந்தது. 1933இல் யூதர் என்று நாஜி அரசு வேலையைப் பறித்தது. அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரிக்குப் போனவர், 1935 ஏப்ரலில் அறுவை சிகிச்சைக்குப்பின் இறந்தார். வயது 53.

மேசையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் கோபம் வரும். வரட்டும், அடக்காதீர்கள்.

கடைசி ஐந்து நிமிடம் மிச்சம் வையுங்கள். வட்டக் கிண்ணம் ஒன்றைக் காட்டி, "இதை என்ன செய்தால் ஒன்றுமே மாறாத மாதிரி தெரியும்?" என்று கேளுங்கள். யாராவது எழுந்து வந்து அதைச் சுழற்றிக் காட்டும்வரை நீங்கள் பேசாதீர்கள்.