மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கெடும் தூக்கமும், அதை நீடிக்க வைக்கும் தவறுகளும்

"உயிரைக் காப்பாத்தப் போராடிட்டு இருக்கோம். இதுல தூக்கம் வரலைன்னு போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டு இருக்கணுமா?" மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ரிவ்யூவுக்குப் போனால் வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, ரத்தத்தில் அணுக்கள் எவ்வளவு என்று கேட்பார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்க நேரம் இருக்காது. கேட்டாலும், உடன் வந்த கணவரோ மகனோ முந்திக்கொண்டு "நல்லா தூங்குறாங்க டாக்டர்" என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அம்மா கொட்டக் கொட்ட விழித்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இது ஒருவர் இருவருக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கீமோ எடுத்துக்கொண்ட 800-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளைக் கேட்டபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் நோய் என்றே சொல்லத்தக்க அளவுக்குத் தூக்கமின்மை இருந்தது. அவர்களிலும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களிடம்தான் அது அதிகம். வாய்விட்டுச் சொல்வதில் ஒரு நேரடி லாபமும் இருக்கிறது. பல நேரங்களில் காரணம் மருந்துச் சீட்டிலேயே இருக்கும்; ஒரு வேளையை மாற்றினாலே பாதி சரியாகிவிடும்.

டெக்ஸாமெத்தசோனை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி வராமல் இருக்கவும், சில கீமோ மருந்துகளால் அலர்ஜி வராமல் இருக்கவும் கொடுக்கும் ஸ்டீராய்டு இது. உடம்பை உசுப்பிவிடும் குணம் அதற்கு உண்டு. கீமோ போட்ட நாளும் அடுத்த இரண்டு மூன்று நாளும் உடம்பு அசந்து போயிருக்க, மனசு மட்டும் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருப்பதற்குப் பல சமயம் அதுதான் காரணம். இரண்டாம் வேளை மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது வழக்கமான தவறு. "இதை மத்தியானத்துக்குள் முடித்துவிடலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். அலர்ஜிக்காகக் கொடுக்கும் வேளைகளுக்குத் தனிக் கணக்கு இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குப் பாதுகாப்பு என்று நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தால், பெரும்பகுதியைப் பகலிலேயே குடித்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் டாக்டருக்கும் பிடி கிடைக்கும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறக்குறைய எப்போது தூங்கினீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், வலியா சூடா பயமா, அன்று போட்ட மாத்திரைகள் என்ன. மணி பார்த்து எழுத வேண்டாம். காலையில் எழுந்து உத்தேசமாக எழுதினால் போதும்.

ஓய்வு என்ற பெயரில்

தூக்கமின்மையைத் தொடங்கி வைப்பது ஒன்று, அதை நிலைக்க வைப்பது வேறொன்று. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் லேசானது. அதன்மேல் அறுவை சிகிச்சை, கீமோ, பயம் என்று ஏதோ ஒன்று வந்து அதைக் கெடுக்கிறது. பிறகு, கெட்ட தூக்கத்தை ஈடுகட்ட நாம் செய்யும் காரியங்களே அதை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மருந்து நின்ற பிறகும் தூக்கம் திரும்பாமல் இருப்பதன் முடிச்சு பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

நம் வீடுகளில் அது பாசத்தின் வழியாகவே நுழைகிறது. "நீ எதுவும் செய்யாதே, போய்ப் படு." காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூக்கம். சாயங்காலம் டிவி முன்னால் கண் அசத்தல். எட்டரைக்கே பாய் விரித்தாயிற்று. நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பசி எடுக்குமா? தூக்கமும் அப்படித்தான். விழித்திருக்கும் நேரத்தில்தான் அதற்கான பசி சேர்கிறது.

கீமோ நாட்களில் ஓய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அசதி நிஜம், சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் பகல் தூக்கம் ஒரு தடவை, மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள் முடியட்டும். களைப்பாக இருக்கும்போது சாய்வு நாற்காலியில் உட்காருங்கள், படுக்கைக்குப் போகாதீர்கள். புற்றுநோய்க் களைப்பைக் குறைப்பதில் லேசான நடைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மொட்டை மாடியிலோ தெருவிலோ காலை வெளிச்சத்தில் முடிந்த மட்டும் நடந்தால் போதும். அந்த வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தையும் சரிசெய்கிறது. ரேடியேஷன் நடக்கும்போது அந்த இடத்தில் நேர் வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

படுக்கையில் தூக்கம் வராமல் மணிக்கணக்கில் புரள்வது அடுத்த தவறு. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாலே பாதித் தூக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. படுக்கை என்றாலே விழிப்பும் கவலையும் என்று மூளை பழகிக்கொள்கிறது. சோபாவில் சொக்கி விழுகிறவர் படுக்கைக்கு வந்ததும் முழித்துக்கொள்வது இதனால்தான். இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். பூ தொடுப்பது, பழைய வார இதழ் புரட்டுவது, ஜபம் என்று மனசைக் கிளறாத எதையாவது செய்துவிட்டு, சொக்கும்போது திரும்பிப் போங்கள். எல்லோரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கும் வீடு என்றால், தலையணையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் சரிதான். உடம்பு தள்ளாடுகிற நாளில் எழ வேண்டாம், விழுந்துவிடக் கூடாது. நேரம் பார்க்கவென்று செல்போனைத் தொடவே தொடாதீர்கள். மணி இரண்டரை என்று தெரிந்ததும் "இன்னும் மூணு மணி நேரம்தான்" என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கை அப்படியே நோயைப் பற்றித் தேடும்.

இந்தப் பழக்கங்களையும், தூக்கத்தைப் பற்றிய பயங்களையும் முறையாக மாற்றும் பயிற்சிக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடமும் இது பலன் தந்திருக்கிறது. இதில் முக்கியமான ஒரு படி, படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைப்பது. ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறவர், சில வாரங்களுக்கு ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவார். தூக்கம் இறுகிய பிறகு கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் வாரம் கடினம். கீமோவின் நடுவில் இதை நீங்களாகத் தொடங்கக் கூடாது. வலிப்பு, இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியலாளரோ கூட இருக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது

இந்த ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். அல்பிரசோலம் மாதிரி பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் மாத்திரைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகக் கெடும். சிலருக்கு வலிப்பு கூட வரும். டாக்டர் சில நாளைக்கு எழுதிக்கொடுத்தால் அது வேறு. அதற்கு அளவும் முடிவும் இருக்கும்.

நோய் திரும்பாமல் இருக்கத் தரும் ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரையான டாமாக்சிஃபென் போடுகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அந்த மாத்திரையைக் கல்லீரல்தான் வேலை செய்யும் பொருளாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்துகள் சில உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் ஆகிய இரண்டும் வலுவாகத் தடுப்பவை. தூக்க மாத்திரை என்று விற்கும் டைஃபென்ஹைட்ரமினும் ஓரளவு தடுக்கும். அதனால் தூக்கத்துக்கோ மனசுக்கோ யார் மருந்து எழுதினாலும் "நான் டாமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆனால் மஞ்சள் சத்து மிகுந்த குர்குமின் கேப்ஸ்யூல்கள், அதிலும் மிளகுச் சத்து சேர்த்தவை, டாமாக்சிஃபெனின் அளவை ரத்தத்தில் குறைத்ததை நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இயற்கை மருந்துதானே என்று அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

சூட்டுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது

கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறி, நைட்டி நனைந்து, கொஞ்ச நேரத்தில் குளிர் எடுத்து, அதோடு தூக்கம் போய்விடும். கீமோவாலோ, சூலகத்தை அடக்கும் ஊசியாலோ மாதவிடாய் திடீரென்று நின்றுபோனவர்களுக்கும், டாமாக்சிஃபென், அதைப்போலவே ஹார்மோனுக்கு எதிராகத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போடுகிறவர்களுக்கும் இது சகஜம். லெட்ரோசோல் வகை மாத்திரைகளில் மூட்டு வலியும் சேர்ந்துகொள்ளும். பொறுக்க முடியாமல் சிலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஹார்மோனால் தூண்டப்படும் (ஹார்மோன் ஏற்பி உள்ள) புற்றுநோயில் ஐந்து ஆண்டு டாமாக்சிஃபென், நோயால் இறக்கும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தூக்கத்துக்காக விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. மாத்திரை போடும் வேளையை மாற்றலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், சூட்டைத் தணிக்க வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்றவை இருக்கின்றன. எல்லாம் டாக்டர் தீர்மானிக்க வேண்டியவை. சாதாரண மெனோபாஸுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையைத் தோழி சொன்னார் என்று வாங்கவே கூடாது.

வீட்டளவில் பருத்தி உடை, நைலான் விரிப்பைத் தவிர்ப்பது, கைக்கெட்டும் தூரத்தில் துண்டும் தண்ணீரும், ராத்திரிக்குக் காரம் குறைந்த சாப்பாடு, மத்தியானத்துக்குப் பிறகு காபி இல்லை. ஃபில்டர் காபியை விட முடியாதவர்கள் காலையில் ஒரு டம்ளரை ஆற அமர ரசித்துக் குடியுங்கள்.

எல்லாவற்றையும் தூக்கமின்மை என்று நினைப்பது

கீமோ நாட்களில் ராத்திரி வியர்த்தால் மேலே சொன்ன சூடுதான் (ஹாட் ஃபிளாஷ்) என்று முடிவு கட்டாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, நடுராத்திரியில் மூச்சுத் திணறி எழுகிறேன், கால் வீங்குகிறது என்றால், டாக்ஸோரூபிசின் அல்லது டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்துகளை எடுத்தவர்கள் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். முதுகிலோ இடுப்பிலோ புதிதாக வந்து ராத்திரியில் கூடும் வலியையும் சொல்லுங்கள். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கும் வரும். படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை செய்த பக்கம் படுக்க முடியாமல் தவிப்பவர்கள், கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து லேசாக உயர்த்தி, மற்றப் பக்கமோ மல்லாந்தோ படுக்கலாம்.

சிகிச்சை முடிந்த அன்றே தூக்கமும் திரும்பிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பலருக்குக் கடைசி ரேடியேஷன் முடிந்த பிறகுதான் பயம் முழுசாக வந்து உட்காருகிறது. அதுவரை வாரா வாரம் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அடுத்த ஸ்கேன் வரை யாரும் இல்லை. "நல்லதையே நினை" என்று வாயை அடைப்பது வீட்டார் செய்யும் தவறு. சாயங்காலம் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பயத்தை எல்லாம் நோட்டில் எழுதுவது, யாராவது குறுக்கே பேசாமல் கேட்பது, இரண்டும் ராத்திரிப் பாரத்தைக் குறைக்கும். தூங்காவிட்டால் நோய் திரும்பிவிடும் என்ற பயமும் பலரைத் தூங்கவிடுவதில்லை. ஒரு மோசமான ராத்திரியால் கட்டி திரும்பி வந்துவிடாது. கலிஃபோர்னியாவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மெல்ல அசைந்து செய்யும் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சி மேலே சொன்ன நடத்தை சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடான பலன் தந்தது.

எதிலும் பிடிப்பில்லாமல் போவது, விடியற்காலையில் விழித்து அழுவது, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருவது மனச்சோர்வின் அறிகுறிகள். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் மனநலப் பிரிவே உண்டு. அதுவரை காத்திருக்க முடியாத ராத்திரிகளில், இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.