மூடிய சுரங்கத்தின் மாசை வேப்பிலையில் அளப்பது எப்படி

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. ஆனால் தாதுவை அரைத்துப் பொன் எடுத்தபின் கொட்டிய மண், ஊரார் ‘சயனைடு மேடு’ என்று அழைக்கும் குன்றுகளாக இன்றும் நிற்கிறது. சென்னையிலிருந்து அங்குள்ள உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள், கையோடு சில காகித உறைகளைக் கொண்டுபோனால் அம்மேட்டுத் தூசியின் உலோக மாசு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று மரத்தின் இலையைக் கொண்டு அறியும் பயனுள்ள ஓர் ஆய்வைச் செய்யலாம்.

வேம்பைத் தேர்ந்தெடுங்கள். பங்குனியில் துளிர்த்த இலையை வைகாசிக் கடைசியில், பருவமழை வலுத்துத் தூசியைக் கழுவிவிடும் முன் பறித்தால், அதன் வயது ஏறத்தாழ இரண்டு மூன்று மாதம் என்று உறுதியாகச் சொல்லலாம். கொழுந்தை விட்டு முற்றிய இலையை, ஒரே உயரத்தில், மரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையாலேயே ஈர்க்கோடு ஒடித்தெடுங்கள். மேட்டின் அடியிலும், அரை கிலோமீட்டரிலும், இரண்டு கிலோமீட்டரிலும் மும்மூன்று மரங்களாவது வேண்டும். ஒப்பிடுவதற்கு, மேட்டுத்தூசி எட்டாத, அதே வகை மண்ணில் நிற்கும் மரம் தேவை. நம் சென்னைச் சாலையோர வேம்பு அதற்கு உதவாது. டயர் தேய்ந்து உதிரும் துத்தநாகம் அதன்மேல் படிந்திருக்கும்.

இந்த வேலையின் உயிர் கழுவுவதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மரத்தின் இலையையும் இரு பங்காக்கி, ஒன்றை அப்படியே வைத்து, மற்றதை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரால் மும்முறை விரைவாக அலசுங்கள். நெடுநேரம் ஊறினால் இலைக்குள் இருக்கும் சத்தும் கரைந்துவிடும். முதல் அலசலிலேயே நீர் சாம்பல் நிறமாகும். கழுவாத இலைக்கும் கழுவிய இலைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் காற்றில் வந்து படிந்தது. எஞ்சியதில் வேர்வழி ஏறியதும் அடங்கும். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுவதால், கழுவிய இலையில் அது குறைவாக இருப்பதை வைத்து மண் சுத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். மரத்தடி மண்ணையும் ஒரு பிடி எடுத்துவைக்க வேண்டும்.

இலைகளை 60 டிகிரி வெப்பத்தில் உலர்த்திப் பீங்கான் கல்வத்தில் பொடியுங்கள். மிக்சி பிளேடிலிருந்து இரும்பும் குரோமியமும் சேர்ந்துவிடும். ஆய்வகத்தில் ஈயம், ஆர்செனிக், துத்தநாகத்தோடு அலுமினியத்தையும் அளக்கச் சொல்லுங்கள்: கழுவிய பொடியில் அலுமினியம் மிகுந்தால் மண்தூசி முழுதும் போகவில்லை என்று பொருள். ஆண்டுவளையங்களைக் கொண்டு பழைய மாசைக் காலவாரியாகக் கணிக்கும் முறையும் உண்டு; ஆயினும் வேம்பில் வளையம் தெளிவாக விழாது, தேக்கில் விழுந்தாலும் உலோகம் வளையம்விட்டு வளையம் நகரக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக, அதே மரங்களுக்கு எண்ணிட்டு, மறுவருடமும் அதே வைகாசியில் பறியுங்கள்.