சைக்கிள் வீரரின் முடிவுப் பட்டியலைப் படிப்பது எப்படி: மேட்ஸ் பெடர்சனை முன்வைத்து

சாலை சைக்கிள் பந்தயங்களை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்கள், ஒரு வீரரின் தரத்தை அறிய அவருடைய வெற்றிகளை எண்ணத் தொடங்குவது வழக்கம். பெரிய பந்தயங்களில் நூற்றைம்பது பேருக்கு மேல் புறப்பட்டாலும் வெல்பவர் ஒருவரே. எஞ்சியவர்களில் பலர் தம் அணித் தலைவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறித்துக் கொடுப்பதற்காகவே வந்தவர்கள். ஆகவே எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டுப் பட்டியலைப் படிக்கப் பழகவேண்டும். 1995இல் பிறந்த டென்மார்க் வீரர் மேட்ஸ் பெடர்சனின் பட்டியல் அதற்கு ஏற்றது.

முதலில், எந்த வகைப் பந்தயத்துக்கான வீரர் என்பதைத் தீர்மானியுங்கள். டென்மார்க்கின் ஜோனாஸ் விங்கெகோ மலையேறுபவர். மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸை 2022, 2023இல் வென்ற அவருக்கு, எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும் ஒட்டுமொத்தத் தரவரிசைதான் முக்கியம். பெடர்சனுக்கு அந்த வரிசையைப் பார்ப்பதில் பயனில்லை. மலைநாட்களில் அவர் கால எல்லைக்குள் வந்து சேர்ந்தாலே போதும். அவருக்குப் பார்க்கவேண்டியவை ஒருநாள் பந்தயங்களும், பலநாள் பந்தயங்களில் தனித்தனிக் கட்ட (ஒருநாள் ஓட்ட) வெற்றிகளும், கட்டங்களில் முன்னணியில் முடித்துச் சேர்க்கும் புள்ளிகளுக்கான சட்டையும். ஸ்பெயினின் பலநாள் பந்தயமான வுவெல்டாவில் 2022இல் மூன்று கட்டங்களையும், இத்தாலியின் ஜிரோவில் 2025இல் நான்கு கட்டங்களையும் வென்று, இரண்டிலும் புள்ளிச் சட்டையைப் பெற்றார்.

அடுத்து, வெற்றி எப்படி வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலான பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. பெல்ஜியத்தின் கென்ட்–வெவல்கெம் பந்தயத்தைப் பெடர்சன் 2020, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றிருக்கிறார். பட்டியலில் மூன்றும் ஒரே மாதிரியாகத் தெரியும். ஆனால் 2020இல் ஒரு சிறு குழுவின் கடைசி விரைவோட்டத்தில் வென்றார். 2024இல் அவரும் மாத்தியூ வான் டெர் பூலும் மட்டும் எஞ்சியிருக்க, அன்றைய உலகச் சாம்பியனை நேருக்கு நேர் முந்தினார். 2025இல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே ஓட்டி வந்து முடித்தார். கடைசி நூறு மீட்டருக்காகக் காத்திருந்தவர் பந்தயத்தை முன்கூட்டியே உடைப்பவராக மாறியதை இந்த மூன்று வரிகள் காட்டுகின்றன. என் பார்வையில் அவருடைய பட்டியலிலேயே செறிவான பகுதி இதுதான்.

தேதிகளையும் கவனியுங்கள். 2019 செப்டம்பர் 29 அன்று, மழையால் தூரம் குறைக்கப்பட்ட யார்க்‌ஷயர் பந்தயத்தில் மத்தேயோ த்ரெந்தினை முந்திப் பெடர்சன் உலகச் சாம்பியனானார். ஆடவர் சாலைப்பந்தயத்தில் இப்பட்டத்தை வென்ற முதல் டென்மார்க் வீரர் அவரே. உலகச் சாம்பியனுக்குரிய வானவில் சட்டையை அணியக் கிடைத்த ஓராண்டில் பல மாதங்கள் கொரோனாவால் பந்தயங்களின்றிக் கழிந்தன. இதை அறியாமல் 2020ஆம் ஆண்டின் வரிகளைப் படிப்பவர், சாம்பியன் சோர்ந்துவிட்டார் என்றே நினைப்பார். உண்மையில் அந்த ஆண்டு டூரின் முதல் கட்டத்திலும், பாரிஸில் முடிந்த கடைசிக் கட்டத்திலும் அவர் இரண்டாவதாக வந்தார்.

அணிப் பெயர் மாறினால் வீரர் இடம் மாறினார் என்று கொள்ளக் கூடாது. 2017 முதல் பெடர்சன் ஒரே அணியில்தான் இருக்கிறார். 2023இன் நடுவில் புதிய விளம்பரதாரர் வந்ததால் ட்ரெக்–செகாஃப்ரெடோ என்ற பெயர் லிடில்–ட்ரெக் ஆயிற்று. அதேபோல் பாதியில் விலகியதாகக் காட்டும் குறிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: 2024 டூரில் ஐந்தாம் கட்டத்தில் விழுந்து அடிபட்ட அவர், எட்டாம் கட்டத்தில் புறப்படவில்லை.

இறுதியாக, இரண்டாம், மூன்றாம் இடங்களைப் படிக்கும்போது வென்றவரின் பெயரையும் அருகில் எழுதிக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான ஃபிளாண்டர்ஸ் சுற்றில் 2018இல் நிக்கி டெர்ப்ஸ்ட்ராவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தபோது பெடர்சனுக்கு வயது 22. அதே பந்தயத்தில் 2023இல் மூன்றாமிடமும் 2025இல் இரண்டாமிடமும் பெற்றார். இரண்டு முறையும் வென்றவர் தாதேய் பொகாச்சர். பிரான்ஸின் ஒருநாள் பந்தயமான பாரிஸ்–ரூபேயில் 2023இல் நான்காமிடம், 2024இலும் 2025இலும் மூன்றாமிடம். மூன்று முறையும் வென்றவர் வான் டெர் பூல். வெற்றிகளை மட்டும் எண்ணுபவரின் கணக்கில் இந்த ஆறு வரிகளுக்கும் மதிப்பு சுழியம்தான்.