கோல்ஃப் கிளாஷ்: முதல் அப்கிரேடை எந்தக் கிளப்புக்குச் செய்வது?

கோல்ஃப் கிளாஷ் என்ற கைப்பேசி கோல்ஃப் விளையாட்டை ஆடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லாரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பரிசுப் பெட்டிகளைத் திறந்து திறந்து கிளப்புகளை வளர்க்கும் கார்டுகள் சேர்ந்திருக்கும், நான்கைந்து கிளப்புகள் (பந்தை அடிக்கும் மட்டைகள்) அப்கிரேடுக்குத் தயாராக இருக்கும், ஆனால் கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல், அதிகத் தூரம் அடிக்கும் டிரைவரை அழுத்துவார்கள். பந்து இன்னும் தூரம் பறப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே.

நான் சொல்வது இதுதான். டிரைவருக்குத் தேவையான அளவு மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் உள்ள காசெல்லாம், பந்தைக் கொடியருகே கொண்டுபோய்ச் சேர்க்கும் கிளப்புக்குப் போகட்டும். தொடக்க டூர்களில் (காசு கட்டி நுழையும் ஆட்டப் படிநிலைகள்) அது பெரும்பாலும் குறைந்த தூரத்துக்கான ஷார்ட் ஐயன், சில சமயம் அதைவிடத் தூரம் போகும் லாங் ஐயன். உங்களுக்கு எது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே இருக்கிறது.

அடிக்கும்போது திரையில் அங்குமிங்கும் ஆடும் ஊசியை எப்போது நிறுத்துவது, பந்துக்கு ஸ்பின் எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எங்கே தோற்கிறீர்கள் என்று எழுதுங்கள்

இந்த விளையாட்டில் டூர் ஆட்டம் என்பது ஒரே ஒரு குழிதான். பதினெட்டுக் குழி ஆடி, ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கிற கதையே கிடையாது. ஆகவே எந்த அடியில் ஆட்டம் கையைவிட்டுப் போனது என்பது ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரியும்.

ஒரு காகிதத்தில் ஏழு கிளப் வகைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: டிரைவர், வுட், லாங் ஐயன், ஷார்ட் ஐயன், வெட்ஜ், ரஃப் ஐயன், சாண்ட் வெட்ஜ். குழிக்கு அருகே பந்தை உருட்டும் பட்டரை இதில் சேர்க்க வேண்டாம், அதற்கு அப்கிரேடே இல்லை. தோற்கும்போதெல்லாம் தோல்விக்குக் காரணமான அடி எந்தக் கிளப்பில் அடித்தது என்று பார்த்து, அதன் நேரே ஒரு கோடு போடுங்கள். எதிராளி நன்றாக ஆடியதால் தோற்றிருந்தால் கோடு வேண்டாம். ஊசியை நீங்கள் தவறவிட்டதால் தோற்றிருந்தாலும் வேண்டாம், அதை எந்த அப்கிரேடும் சரிசெய்யாது.

இதற்குக் கைப்பேசியில் குறிப்புச் செயலிகள் இருக்கின்றன. எனக்குக் காகிதமும் பென்சிலும்தான் பிடிக்கும். அடிப்பதற்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையை மாற்றி மாற்றிப் பார்ப்பது சரிப்படாது.

கொஞ்சம் கோடுகள் சேர்ந்ததும் ஒரு கிளப் மட்டும் தனியாகத் தெரியும். பெரும்பாலும் அது டிரைவராக இருக்காது. பார் 3 குழியில் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி) முதல் அடியே ஐயனில்தான் விழும். பார் 4 குழியில் டிரைவர் அடி கொஞ்சம் குறைந்தாலும் இரண்டாவது அடியில் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த இரண்டாவது அடி கொடியிலிருந்து தள்ளி விழுந்தால் பட்டிங்கில்தான் உயிர். இருவரும் சமமாக முடித்தால் வருகிற ஷூட்அவுட்டிலும் யார் பந்து கொடிக்கு அருகில் என்பதுதான் கேள்வி.

படி 2: டிரைவருக்கு ஒரே ஒரு கேள்வி

டிரைவரை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது ஆடும் டூரின் குழிகளை நினைத்துப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் தண்ணீரைத் தாண்டிவிடலாம், அல்லது பார் 5 குழியில் இரண்டாவது அடியிலேயே கொடி இருக்கும் கிரீனைத் தொட்டுவிடலாம் என்கிற இடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அந்தத் தூரம் எட்டும்வரை டிரைவருக்குக் காசு போடுவது நியாயம். எட்டியதும் நிறுத்திவிடுங்கள். அதே ஃபேர்வேயில் (வெட்டிய புல்வெளிப் பாதை) இன்னும் சில கஜம் முன்னால் போய் விழுவதற்காகக் காசைச் செலவழிப்பதில் பயனில்லை.

டிரைவர்களில் தொடக்க ஆட்டக்காரர்களுக்கு என் தேர்வு எக்ஸ்ட்ரா மைல். பெயருக்கேற்ற தூரம் கொடுக்கும், கார்டும் ஓரளவு கிடைக்கும். அபோகலிப்ஸ் டிரைவர் எபிக் என்ற அரிய வகை, அதன் கார்டுகள் வந்து சேர வெகுகாலம் ஆகும். முதல் நிலையில் இருக்கும் எபிக் கிளப்பை, நன்றாக வளர்த்த சாதாரண கிளப் தாண்டிவிடுவது உண்டு. பெட்டியில் எபிக் கார்டு வந்த சந்தோஷத்தில் உடனே பையை மாற்றாதீர்கள். இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

படி 3: அப்கிரேட் திரையில் எதைப் பார்ப்பது

ஒவ்வொரு கிளப்புக்கும் சக்தி, துல்லியம், டாப் ஸ்பின், பேக் ஸ்பின், கர்ல், பந்து வழிகாட்டி என்று ஆறு குணங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஆறும் கூடாது. சில நிலைகளில் நமக்கு வேண்டாத ஒன்றிரண்டு மட்டுமே ஏறும். காசு போடும் முன் எது ஏறுகிறது என்று பாருங்கள். ஒருமுறை செய்த அப்கிரேடைத் திரும்பப் பெற வழி இல்லை.

கொடியை நோக்கி அடிக்கும் கிளப்பில் நான் முதலில் பார்ப்பது துல்லியம், அடுத்து பேக் ஸ்பின், பிறகு வழிகாட்டி. பந்து விழுந்த இடத்திலேயே நிற்க பேக் ஸ்பின் வேண்டும். வழிகாட்டி நீளமாக இருந்தால் முதல் துள்ளலுக்குப் பிறகு பந்து எப்படிப் போகும் என்று தெரியும். கர்ல் மரத்தைச் சுற்றி வளைக்க உதவும். தொடக்க டூர்களில் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை.

இது 2017-இல் பிளேடெமிக் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. 2018-இல் மொபைல் விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. இத்தனை ஆண்டுகளில் கிளப் பட்டியல்கள் இணையத்தில் மலைபோலக் குவிந்திருக்கின்றன. அவற்றில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காமல், உங்கள் திரை காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அப்கிரேட் முடிந்ததும் காற்றுக் கணக்கை மாற்றுங்கள்

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். பலர் அப்கிரேட் செய்த பிறகு மோசமாக ஆடுவதற்கும் இதுவே காரணம். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இலக்கைச் சுற்றி வளையங்கள் தெரியுமே, அவற்றின் அளவை முடிவுசெய்வது துல்லியம். துல்லியம் கூடினால் வளையங்கள் சுருங்கும். நாம் காற்றுக்கு ஏற்ப இலக்கை நகர்த்துவது வளையக் கணக்கில்தான். ஆக, வளையம் சுருங்கினால் அதே காற்றுக்கு அதிக வளையம் நகர்த்த வேண்டும்.

ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது, விளையாட்டுக்குள் இதை எங்கும் சொல்லித்தர மாட்டார்கள். துல்லிய எண்ணை 50-ஆல் வகுத்து, வருவதை 3-லிருந்து கழியுங்கள். ஒரு வளையம் எத்தனை மைல் வேகக் காற்றுக்குச் சமம் என்பது கிடைத்துவிடும்.

உங்கள் ஷார்ட் ஐயனின் துல்லியம் 60 என்று வையுங்கள். 60-ஐ 50-ஆல் வகுத்தால் 1.2. மூன்றிலிருந்து கழித்தால் 1.8. திரையில் காற்று 7.2 என்று காட்டினால், 7.2-ஐ 1.8-ஆல் வகுக்க 4 வளையம். முதலில் பந்து விழ வேண்டிய இடத்தில் இலக்கின் நடுப்புள்ளியை வைத்து, பிறகு காற்று வரும் திசையை நோக்கி 4 வளையம் இழுக்க வேண்டும்.

இப்போது அப்கிரேட் செய்து துல்லியம் 70 ஆகிறது. ஒரு வளையம் 1.6 ஆகிவிடும். அதே 7.2 காற்றுக்கு 4.5 வளையம். பழைய பழக்கத்தில் 4 வளையமே இழுத்தால், அதுவும் சுருங்கிய வளையத்தில் இழுத்தால், பந்து காற்றோடு போய்க் கொடியைத் தாண்டி ஓரத்தில் விழும். கிளப் மோசமாகிவிட்டது என்று தோன்றும். கிளப்பில் ஒரு குறையும் இல்லை, கணக்குதான் பழையது.

எனவே அப்கிரேட் பொத்தானை அழுத்தியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, காகிதத்தில் அந்தக் கிளப்பின் எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவது. பையில் உள்ள எல்லாக் கிளப்புக்கும் இப்படி ஒரு எண் எழுதி, கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே வகுத்தல் போட நேரம் கிடைக்காது.

படி 5: காசும் கார்டும்

டூர் நுழைவுக்கும் அதே காசுதான், அப்கிரேடுக்கும் அதே காசுதான். இருப்பதையெல்லாம் அப்கிரேடில் கொட்டிவிட்டால், அடுத்து ஒரு தோல்வி வந்ததும் கீழ் டூருக்கு இறங்க வேண்டியதுதான். இப்போது ஆடும் டூரில் வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்றாலும் தாங்குகிற அளவுக்குக் காசு மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

கிளானில் (ஆட்டக்காரர்கள் குழு) சேர்ந்தால் மற்றவர்களிடம் கார்டு கேட்கலாம். படி 1-இல் கண்டுபிடித்த கிளப்பின் கார்டை மட்டுமே விடாமல் கேளுங்கள். தினமும் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேட்டால் எதுவும் அடுத்த நிலைக்குப் போகாது.

பின்சேர்க்கை

படி 4-இன் காற்றுக் கணக்கைப் பின்பற்றியும் பந்து காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் போகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. மேலே சொன்ன சூத்திரம் கிளப்பை அதன் முழுத் தூரத்துக்கு அடிக்கும்போது பொருந்துவது. அவரோ ஷார்ட் ஐயனைப் பாதித் தூரத்துக்கு அடித்திருக்கிறார். குறைந்த தூரத்துக்கு அடித்தால் பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைவு, அதனால் நகர்த்த வேண்டிய வளையமும் குறைவு.

இன்னொருவர் காற்றைத் தாங்கும் விசேஷப் பந்தோடு அளந்துவிட்டு எண் தப்பு என்றார். அந்தப் பந்து காற்றின் பாதிப்பைத் தானே குறைத்துவிடும். கிளப்பின் எண்ணைச் சரிபார்க்கும்போது சாதாரணப் பந்தையே வையுங்கள். விசேஷப் பந்துக்குத் தனியாக ஒரு வரிசை எழுதிக்கொள்ளலாம்.

நீண்ட புல்லிலிருந்து அடிக்கும் ரஃப் ஐயனையும் மணலிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜையும் எப்போது அப்கிரேட் செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். படி 1 காகிதத்தில் அவற்றுக்கு நேரே கோடுகள் சேரும்போது. ஆனால் முதலில் அதற்கு முந்தைய அடியைப் பாருங்கள். மணலில் இத்தனை முறை விழக் காரணம் ஷார்ட் ஐயனாக இருந்தால், காசு அங்கேதான் போக வேண்டும்.