பிரிக்பீல்ட்ஸில் முதல் மசாஜ்: படுப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய கடைவீடுகளில் பார்வையற்றவர்கள் தொழில் செய்யும் மசாஜ் நிலையங்கள் பல உண்டு. கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி என்று அங்கே முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். குப்புறப் படுத்துவிட்டு, எழும்வரை வாயே திறப்பதில்லை. வலிக்கிற இடத்தை விரலால் சுட்டிக்காட்டினால் மசாஜ் செய்பவருக்குத் தெரியாது, முகம் சுளித்தாலும் தெரியாது. கண் தெரிந்தவரிடம் போனாலும் நிலைமை அதுதான். உங்கள் முகம், அதை வைப்பதற்கென்றே கட்டிலில் விட்டிருக்கும் ஓட்டைக்குள் இருக்கிறதே.

“முதுகு வலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில். மோட்டார் ஓட்டினால் அரை மணி நேரத்தில் வரும். கைக்கு இறங்காது” என்று சொன்னால் அவருக்கு வேலை தெளிவாகிவிடும். இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால், “அண்ணே, உங்க கையை வச்சுக் காட்டட்டுமா?” என்று கேட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து வையுங்கள். கேட்காமல் கையை இழுப்பது மரியாதை இல்லை.

அடுத்து நோயும் மருந்தும். இதை மறைக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களை அழுத்திப் பிடித்தால் தோலுக்கடியில் இரத்தம் கன்றிவிடும். நம்மவர்களிடையே இனிப்பு நீர் (நீரிழிவு) அதிகம். பல வருடமாக இருந்து பாதம் மரத்துப்போனவர்களுக்கு அழுத்தம் கூடுவதும் தெரியாது, ஒத்தடம் சுடுவதும் தெரியாது. சின்னக் கொப்புளம்கூட ஆறாத புண்ணாகும். அவர்கள் பாதத்துக்கு லேசாக நீவினால் போதும், கட்டையால் குத்துவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். எலும்புத் தேய்வு இருந்தால் முழங்கையால் அழுத்த விடாதீர்கள். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, அதற்கென்றே பயிற்சி பெற்றவரிடம் போகலாம். பக்கவாட்டில் படுக்க வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிறதா? பிடிப்புதானே என்று உருவிவிடச் சொல்லாதீர்கள். கால் சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் நீண்ட விமானப் பயணம் செய்தவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், தோலில் தொற்று, புதுச் சுளுக்கின் வீக்கம் இருந்தாலும் அன்றைக்கு மசாஜ் வேண்டாம்.

முன்பதிவு செய்யும்போதே விலையையும், 60 நிமிடம் என்றால் கை வைக்கிற நேரம் மட்டுமா, உடை மாற்றுவதும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். பெண்கள் பெண்தான் வேண்டும் என்று கேட்பது வழக்கம்தான், தயங்க வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் விட்டுப் போங்கள். குப்புறப் படுத்தால் எதுக்களிக்கும். நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க் கறை போகாது, பழைய சட்டை போட்டுப் போங்கள்.

உள்ளாடையைக் கழற்ற வேண்டியதில்லை. துண்டு போர்த்தி, பிடிக்கிற பகுதியை மட்டும் திறப்பார்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் எண்ணெய் தடவி நீளமாக நீவுவார்கள். தசை சூடாவதற்குத்தான் அது. நேரத்தை வீணாக்குகிறார் என்று நினைக்காதீர்கள். பிறகு பிசைவார்கள். தசை இறுகிக் கட்டியான முடிச்சு அகப்பட்டதும் பெருவிரல் அங்கேயே நின்று அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்தும். அப்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டால் விரலுக்குக் கீழே தசை இளகுவது உங்களுக்கே தெரியும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசையை அழுத்தும்போது வலி நெற்றிப்பொட்டுக்கு ஏறலாம். அந்தத் தசையின் வலி பரவுகிற வழி அது, பயம் வேண்டாம். கை விரல்நுனி வரை சுரீர் என்று பாய்ந்தால் மட்டும் அது நரம்பு. உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அழுத்தத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஐந்தாறு போதும். ஏழைத் தாண்டினால் உங்களை அறியாமலே மூச்சு நிற்கும், கால்விரல் மடங்கும், தசை எதிர்த்து இறுகும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் மறுநாள் கன்றிப்போவதுதான் மிச்சம். வலித்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். “ஐயா, கொஞ்சம் மெதுவா” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மலாய்க்காரர் என்றால் “பெலான் சிக்கிட்”, வலித்தால் “சாக்கிட்”. கழுத்தைத் திருகிச் சொடுக்க மட்டும் விடாதீர்கள்; மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. தொடக் கூடாத இடத்தில் கை போனால் சங்கடப்படாமல் எழுந்து வெளியேறுங்கள், போலீசில் புகார் கொடுங்கள்.

முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். ஒரு மணி நேரம் படுத்த உடம்பில் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும். பக்கவாட்டில் திரும்பி, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். மாடிக் கடை என்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே படி இறங்க வேண்டும். பாதத்தில் எண்ணெய் இருக்கும்.

அன்றைக்குக் குளிக்கக் கூடாது என்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தாராளமாகக் குளிக்கலாம். உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, நிறையத் தண்ணீர் குடி என்பதற்கு ஆதாரம் இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒன்றிரண்டு நாள் மேல்வலி சகஜம்.

வாரம் ஒருமுறை என்று மூன்று தடவை போயும் வலி அப்படியே இருந்தால், நான்காவது தடவைக்குக் காசு கட்டாமல் கிளினிக்குக்கோ பிசியோதெரபிக்கோ போங்கள். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ காத்திருக்கவே கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.